துபாயில் அலுவலக வேலை: கையில் நிற்கும் லாபம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் துபாயில் ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆள் சேரும்போது சம்பளத்தைப் பிரித்துப் போடுவதும், விட்டுப் போகும்போது கடைசிக் கணக்கைத் தீர்க்கும் செட்டில்மென்ட் தாள் தயாரிப்பதும் என் மேசையில்தான் நடக்கும். அதனால் ஊரில் யார் கிளம்பினாலும் கேள்வி எனக்கு வந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பட்டமோ டிப்ளமோவோ முடித்துப் பொறியாளர், கணக்காளர், நர்ஸ், ஐ.டி. ஆள் என்று வருகிறவர்களுக்கானது இது. லேபர் கேம்ப்பில் தங்கி உழைக்கிறவர்களின் கணக்கு வேறு, அவர்களுக்கு வரும் சிக்கல்களும் வேறு. சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் அமீரகத்தின் தனியார் துறைக்கான தொழிலாளர் சட்டம்: 2021-ல் வந்த 33ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருப்பது. துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் இருக்கும் கம்பெனிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு.

சம்பளத்துக்கு வரியே கிடையாது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். தனிநபர் வருமான வரி இங்கே இல்லை. 15,000 திர்ஹம் என்று எழுதியிருந்தால் வங்கியில் 15,000 விழும். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் இல்லை.

ஆனால் மறைமுகமாகக் கட்டுகிறோம். 2018 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம் இருக்கிறது. துபாயில் வாடகைக்கு இருந்தால் ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை மாநகராட்சி வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். ஆண்டு வாடகை 60,000 என்றால் மாதம் 250 திர்ஹம். முதல் பில்லைப் பார்த்துவிட்டு, ‘மீட்டர் ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?’ என்று கேட்காதவர்கள் குறைவு. மீட்டரில் தப்பில்லை, கூடுதலாக நிற்பது இந்தக் கட்டணம்தான்.

பிடித்தம் இல்லை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஓய்வூதியமும் இல்லை. உங்கள் முதுமைக்கு இந்த நாடு பொறுப்பில்லை. கடைசியில் கைக்கு வருவது கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை ஒன்றுதான்.

15,000 திர்ஹம் ஆஃபர் வந்திருக்கிறது. நல்ல ஆஃபரா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: மொத்தத்தைச் சொல்லாதீர்கள், பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

என் மேசைக்கு வரும் ஆஃபர் லெட்டர் ஒன்று இப்படி இருக்கும்: அடிப்படைச் சம்பளம் 5,000, வீட்டுப்படி 4,500, போக்குவரத்துப்படி 1,500, இதரப்படி 4,000. மொத்தம் 15,000. இன்னொன்று: அடிப்படை 9,000, வீட்டுப்படி 4,500, போக்குவரத்துப்படி 1,500. இதுவும் 15,000. மாதம் பிறந்தால் இருவர் கணக்கிலும் ஒரே தொகை விழும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டு, இருவரும் தங்களுக்கு ஒரே சம்பளம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வித்தியாசம் போகும்போதுதான் தெரியும். கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும்தான் கணக்காகும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஓராண்டு முடியாதவர்களுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

எட்டு வருடம் கழித்து இருவரும் ஒரே நாளில் விட்டுப் போகிறார்கள் என்று வையுங்கள். 9,000 பேசிக்காரருக்கு முதல் ஐந்து ஆண்டுக்கு 31,500, அடுத்த மூன்றுக்கு 27,000, ஆக 58,500 திர்ஹம். 5,000 பேசிக்காரருக்கு 17,500-ம் 15,000-ம் சேர்ந்து 32,500. இடைவெளி 26,000 திர்ஹம். திர்ஹம் 23 ரூபாய் என்று போட்டால் ஏறத்தாழ ஆறு லட்சம். எடுக்காமல் விட்ட லீவுக்குக் கடைசியில் தரும் பணமும் பேசிக்கின் மேல்தான். வேலை இழப்புக் காப்பீடும் அப்படித்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சேரும் முன் இதைப் பேச முடியுமா? முடியும். மொத்தத்தை ஏற்றச் சொன்னால் எச்.ஆர். இழுப்பார்கள். அதே மொத்தத்துக்குள், ‘இதரப்படி’ என்று பொத்தாம் பொதுவாகக் கிடப்பதைப் பேசிக்கில் சேர்க்கச் சொன்னால் பல இடங்களில் இறங்கி வருவார்கள், ஏனென்றால் அந்த மாதச் செலவு அவர்களுக்கு மாறப்போவதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

வீடு, கார், பிள்ளை பள்ளிக்கட்டணம், வருடா வருடம் டிக்கெட் எல்லாம் கம்பெனியே தரும் என்கிறார்களே?

ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து தலைமையகம் அனுப்பிவைக்கும் மேலாளர்களுக்கு அந்த மாதிரிப் பேக்கேஜ் இருந்தது, குறைந்த அளவில் இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேரடியாக எடுக்கப்படுகிறவருக்குப் பெரும்பாலும் ஒரே மொத்தத் தொகைதான், எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டு டிக்கெட் சட்டப்படி கட்டாயம் இல்லை. பல நிறுவனங்கள் தருகின்றன, சில இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. சட்டம் சொல்வது வேலை முடிந்து நாடு திரும்பும் டிக்கெட்டை மட்டும். அதுவும் நீங்கள் இங்கேயே வேறு வேலையில் சேராதபோது.

பள்ளிக்கட்டண உதவி இருந்தால் எத்தனை பிள்ளைக்கு, எவ்வளவு வரம்பு என்று எழுத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று போனில் சொன்னது செட்டில்மென்ட் தாளில் வராது.

மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

தனியாளா குடும்பமா என்பதில் எல்லாமே மாறிவிடும். தனியாக வந்து துபாயின் பழைய பகுதிகளான கராமாவிலோ தேராவிலோ அறையைப் பகிர்ந்து தங்கினால் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பலாம். குடும்பத்தோடு இருந்தால் அந்தப் பாதியை வாடகையும் பள்ளியும் தின்றுவிடும்.

வாடகையில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர் மாதிரி மாத வாடகை வழக்கம் இல்லை. ஆண்டு வாடகையை நான்கு செக், ஆறு செக் என்று முன்தேதியிட்டுக் கொடுத்துவிட வேண்டும். மறுபடியும் அந்த 60,000-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு செக் என்றால் முதல் செக் 15,000. முன்பணம் 5 சதவீதம், அதாவது 3,000. ஏஜென்ட் கமிஷனும் வழக்கமாக 5 சதவீதம், இன்னொரு 3,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு அடுக்குமாடி வீட்டுக்கு 2,000 டெபாசிட். சாவி கைக்கு வரும் முன்பே 23,000 திர்ஹம் போய்விடும். கட்டில், மெத்தை, பிரிட்ஜ் இனிமேல்தான். கம்பெனி வீட்டுப்படியை ஆண்டு முன்பணமாகத் தருமா என்று கேட்டுவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிடுங்கள்.

பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் நிறைய. போகலாம். ஆனால் காலையில் அங்கிருந்து துபாய் வரும் இத்திஹாத் சாலை நிற்கும் நிலையைப் பார்த்தால் அந்த மிச்சத்துக்கு எதைக் கொடுக்கிறீர்கள் என்று புரியும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் எங்கள் ஆபீஸில் இருக்கிறார். பிள்ளைகள் எழும் முன் கிளம்பி, தூங்கிய பின் வீடு சேர்கிறார். வாடகை மிச்சம் என்று கணக்குச் சொல்கிறவரும் அவரே.

ரூபாய் சரிவதால் நமக்கு லாபம்தானே?

1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று திர்ஹத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் திர்ஹம் தானாக ஏறும். 2010 வாக்கில் 12 ரூபாய்ச் சில்லறையாக இருந்தது 2024 முடிவில் 23-ஐத் தாண்டிவிட்டது.

ஊரில் ரூபாயில் வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு இது பெரிய உதவி, தவணை மாறாமல் திர்ஹச் செலவு குறைந்துகொண்டே வரும். ஆனால் அதே காலத்தில் ஊரில் மனை விலையும் மருத்துவமனைப் பில்லும் எங்கே போயின என்பதையும் பார்க்க வேண்டும். ரேட் ஏறும் என்று எக்ஸ்சேஞ்ச் முன்னால் காத்திருப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களை அறிவேன். பத்துப் பைசாவுக்காகப் பத்து நாள் காத்திருந்து அவர்கள் சம்பாதித்தது ஒரு பிரியாணிக்கு வரும்.

பணத்தைத் தவிர என்ன கிடைக்கும்? அனுபவத்துக்கு ஊரில் மதிப்பு இருக்கிறதா?

என்னைக் கேட்டால் இருபதுகளின் பின்பாதியில் வருகிறவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய லாபம் இதுதான்.

இங்கே வேலைகளின் அளவு பெரிது. 2010-ல் திறந்த 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை எல்லோரும் சொல்வார்கள். அதை விடுங்கள். பராக்கா அணுமின் நிலையத்தின் நான்காவது உலை 2024-ல் உற்பத்திக்கு வந்தது. நாடு முழுக்கச் சரக்கு ரயில் பாதை 2023-ல் ஓடத் தொடங்கியது. துபாய் மெட்ரோவுக்கு 30 கிலோமீட்டர் நீலத் தடம் கட்டுகிறார்கள். ஒரு திட்டம் முடிய அடுத்தது என்று, ஒரே ஊரில் இருந்தபடியே மூன்று நான்கு வகை வேலைகளைப் பார்த்துவிடலாம்.

அதைவிட முக்கியம், சின்ன வயதிலேயே பொறுப்பு வந்து விழுவது. எங்கள் மாதாந்திரக் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். மேசையில் லெபனான்காரர் திட்ட மேலாளர், ஸ்காட்லாந்துக்காரர் கன்சல்டன்ட், எகிப்துக்காரர் சைட் இன்ஜினியர், வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் மலையாளி குவான்டிட்டி சர்வேயர், குறிப்பெடுக்கும் பிலிப்பைன்ஸ் பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன், மூன்று வருட அனுபவம், கூடுதல் வேலைக்கான பணக் கோரிக்கையை எழுந்து விளக்குகிறான். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி முறையில் எழுதப்பட்டவை. அதன் 1999 பதிப்பில், கோரிக்கைக்குக் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். கன்சல்டன்ட் கேட்ட முதல் கேள்வி, ‘நோட்டீஸ் தேதி என்ன?’ பையன் கடித எண்ணையும் தேதியையும் சொன்னான், அத்தோடு அந்த வாதம் முடிந்தது. ஊரில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை மேலாளர் எழுதியிருப்பார், இவன் ஜெராக்ஸ் எடுத்திருப்பான்.

கணக்குத் துறையில் 2018-ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2023 ஜூன் 1-லோ அதற்குப் பின்னோ தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதக் கம்பெனி வரி வந்தது. இரண்டும் இந்த நாட்டுக்குப் புதிது. வரி என்றால் என்னவென்று தெரிந்த இந்தியக் கணக்காளர்களுக்கு அப்போது வந்த கிராக்கி இன்னும் தணியவில்லை. சர்வதேசக் கணக்கியல் தரத்தில் புத்தகம் போட்ட அனுபவம் சென்னையில் இருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்களில் செல்லும்.

எச்சரிக்கை ஒன்று. இந்த மதிப்பு உங்கள் வேலை வளர்ந்தால் மட்டும்தான். பத்து வருடம் ஒரே சின்ன டிரேடிங் கம்பெனியில் ஒரே இன்வாய்ஸ் போட்டுவிட்டு ஊருக்குப் போனால், துபாய் அனுபவம் என்பது பயோடேட்டாவில் ஒரு வரியாக மட்டுமே நிற்கும்.

லீவு எப்படி?

ஓராண்டு முடிந்தால் ஆண்டுக்கு 30 நாள், ஊதியத்தோடு. இவை நாட்காட்டி நாட்கள், இடையில் வரும் சனி ஞாயிறும் கணக்கில் சேரும். உடம்புக்கு முடியாமல் போனால் ஆண்டுக்கு 90 நாள் வரை: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் சம்பளமில்லை. மகப்பேறுக்கு 60 நாள், அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி. இந்தியச் சட்டம் தரும் 26 வாரத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கிளம்பும் முன் பெண்கள் இதை யோசிக்க வேண்டும்.

சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம், கடிகாரத்தில் ஒன்றரை மணி வித்தியாசம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காலையில் போன் வந்தால் இரவில் வீட்டுக்குப் போய்விடலாம். அமெரிக்காவில் இருப்பவர்களிடம் கேளுங்கள், இதன் மதிப்பு தெரியும்.

மருத்துவச் செலவு?

ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டுகளிலும் கட்டாயம். துபாயில் மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது ஸ்பான்சர் செய்கிற உங்கள் பொறுப்பு, கம்பெனி தந்தால் அதிர்ஷ்டம். பிரசவம் எவ்வளவுக்குக் கவர் ஆகும் என்று அட்டை வாங்கும்போதே பாருங்கள்.

குடும்பத்தை அழைத்துவரச் சம்பளம் எவ்வளவு வேண்டும்? பிள்ளைகள் தமிழ் படிப்பார்களா?

சட்டப்படி 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருந்தால் மனைவி, பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் செய்யலாம். அது விசா கிடைக்கும் வரம்புதான், அந்தச் சம்பளத்தில் இங்கே குடும்பம் நடத்த முடியாது. கணவர் விசாவில் இருக்கும் மனைவி வேலைக்குப் போகலாம், வேலை தரும் நிறுவனம் அனுமதி எடுத்தால் போதும். இரண்டு சம்பளம் வரும் வீடுகள்தான் இங்கே உண்மையில் மிச்சம் பிடிக்கின்றன.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. தனியார் பள்ளிகளில் அரபு மொழி கட்டாயப் பாடம். இரண்டாம் மொழியாகத் தமிழ் வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு, சேர்க்கும் முன் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வார இறுதித் தமிழ் வகுப்புகள் இருக்கின்றன. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணைய வழியில் பாடம் நடத்துகிறது. வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டு வகுப்பை நம்பினால் பலனில்லை என்பதைப் பக்கத்து வீடுகளில் பார்க்கிறேன்.

வேலை போய்விட்டால் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ் உண்டு. சோதனைக் காலத்தில் மட்டும், அது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, 14 நாள் நோட்டீஸில் முதலாளி அனுப்பலாம். வேலை முடிந்த 14 நாளுக்குள் கிராஜுவிட்டி, லீவுப் பணம் எல்லாவற்றையும் தந்தாக வேண்டும். விசா ரத்தான பின் தங்குவதற்கு அவகாசமும் உண்டு. விசாவின் வகைக்கேற்ப நாட்கள் மாறும் என்பதால் ரத்துத் தாளை வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரி முதல் வேலை இழப்புக் காப்பீடு கட்டாயம். பேசிக் 16,000 வரை இருப்பவர்களுக்கு மாதம் 5 திர்ஹம், அதற்கு மேல் 10 திர்ஹம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்து, உங்கள் தவறில்லாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். மேலே சொன்ன இருவரில் ஒருவருக்கு மாதம் 5,400, இன்னொருவருக்கு 3,000. இருவரும் கட்டியது அதே 5 திர்ஹம்.

உண்மையில் கழுத்தை நெரிப்பது கடன். மாதச் சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை தனிநபர்க் கடன் தரலாம், 48 மாதத்தில் அடைக்க வேண்டும் என்று மத்திய வங்கி வரம்பு வைத்திருக்கிறது. சேர்ந்த மூன்றாம் மாதமே வங்கியிலிருந்து போன் வரும், ‘சார், உங்களுக்கு எலிஜிபிலிட்டி இருக்கு’ என்று. ஊரில் வீடு கட்ட அதை எடுத்தவரின் வேலை போனால் கடைசிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் வங்கியில் விழுந்த உடனேயே நிறுத்தி வைக்கப்படலாம். பாக்கி நின்றால் வழக்கும் பயணத் தடையும் வரலாம். துபாய் லாபமா நஷ்டமா என்பதைப் பலருக்கும் தீர்மானிப்பது இந்த ஒரு கையெழுத்துதான்.

ஏஜென்ட் விசாவுக்கு இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆள் எடுக்கும் செலவையும் விசாச் செலவையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்டின் பதிவை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது.

விசிட் விசாவில் வந்து வேலை தேடுவது பரவலான வழக்கம், தேடலாம். ஆனால் விசிட் விசாவிலேயே ‘இப்போதைக்கு வேலையைப் பாருங்கள், விசா அடுத்த மாதம்’ என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அப்படி ஆள் வைக்கும் நிறுவனத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். மாட்டினால் உங்களுக்கும் சிக்கல். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் முதலாளிக்கு உரிமை இல்லை.

சான்றிதழ் எதெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, அடுத்து வெளியுறவு அமைச்சகம், அடுத்து அமீரகத் தூதரகம் என்று அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம், வேண்டும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் அப்படியே, குடும்ப விசாவுக்கு அவை தேவை. ஊரில் இருக்கும்போதே முடியுங்கள், இங்கிருந்து கூரியரில் அனுப்பி முடிப்பது தலைவலி. நர்ஸ், மருத்துவர், மருந்தாளுநர் என்றால் உரிமம் தனி: துபாயில் ஒரு ஆணையம், அபுதாபியில் ஒரு துறை, மற்ற எமிரேட்டுகளுக்கு அமைச்சகம். எங்கே வேலையோ அங்கத்து உரிமம்.

இந்தியாவில் வரி கட்ட வேண்டுமா? வங்கிக் கணக்கை என்ன செய்வது?

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டு வெளிநாடு வாழ் இந்தியர். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், செப்டம்பர் 28 வாக்கில் கிளம்பினால் அந்த ஆண்டிலேயே அந்தஸ்து கிடைத்துவிடும். அக்டோபர் பாதியில் கிளம்பினால் அந்த ஆண்டு முழுக்க இந்தியாவில் வசிப்பவர், துபாய்ச் சம்பளத்தையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். சேரும் தேதியை இரண்டு மூன்று வாரம் முன்னே தள்ள முடியுமா என்று கேட்பது பல ஆயிரம் ரூபாய் பெறும்.

இந்தியாவில் வருகிற வருமானம், அதாவது வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி போன்றவை மட்டும் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டினால் விதிகள் இறுகும். ஊருக்கு வந்து தங்கும் வரம்பு 120 நாளாகச் சுருங்கலாம். வேறெங்கும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகக் கருதும் விதியும் 2020-ல் வந்தது. அப்போதும் துபாயில் பார்த்த வேலைக்கான சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை. ஆனால் அந்த அளவு வருமானம் இருப்பவர் என்னைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆடிட்டரைப் பார்க்க வேண்டும்.

ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக, அதாவது வெளிநாடு வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக மாற்றச் சொல்லுங்கள், அப்படியே விடுவது சட்டப்படி தவறு. இங்கிருந்து அனுப்பும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு என்.ஆர்.இ. என்ற தனிக் கணக்கு. அதன் வட்டிக்கு வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவரலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். அம்மா பெயரில் அனுப்பி அங்கே டெபாசிட் போடுவது பாசத்துக்குச் சரி, பின்னால் அண்ணன் தம்பி கணக்கு வரும்போது பல வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது.

சிங்கப்பூர், ஜெர்மனியோடு ஒப்பிட்டால்?

மிச்சம் பிடிக்க அமீரகம், குடியேற ஜெர்மனி. படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான நீல அட்டை என்ற அனுமதியை அங்கே வாங்கியவர், பி1 என்னும் இடைநிலை அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். வரியும் காப்பீட்டுப் பிடித்தமும் கனம், ஆனால் பள்ளிக்கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஓய்வூதியம் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பிள்ளை பள்ளியிலேயே தமிழ் படிக்கும். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 5,600 சிங்கப்பூர் வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு, 2023 முதல் தகுதிக்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் முறையும் இருக்கிறது.

இங்கேயே நிரந்தரமாக இருக்க முடியுமா?

சாதாரண வழியில் குடியுரிமை கிடையாது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவராக இருக்கும் நாட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. பத்தாண்டு கோல்டன் விசா ஒன்று உண்டு. பட்டமும் 30,000 திர்ஹம் சம்பளமும் உள்ள திறன்மிகு பணியாளர்கள் கேட்கலாம். முதலாளியின் கையில் விசா இல்லை என்கிற நிம்மதி அதில் பெரிது. வேலை இல்லாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும் என்பது மாறாது.

எத்தனை வருடம் இருந்துவிட்டுத் திரும்புவது நல்லது? திரும்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் ஐந்து ஆண்டு கடன் அடைக்கவும் கால் ஊன்றவும் போய்விடும். மூத்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வரும் முன் முடிவெடுத்தவர்கள் சுலபமாகத் திரும்பினார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று தள்ளியவர்கள் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் இங்கேயே இருக்கிறார்கள்.

தேதி முடிவானால், கடன் பாக்கியைத் தீர்த்து வங்கியில் கடிதம் வாங்குங்கள். கிராஜுவிட்டியை விமானம் ஏறும் முன் வாங்குங்கள், ஊரிலிருந்து துரத்துவது கஷ்டம். வாடகை ஒப்பந்தப் பதிவையும் மின் இணைப்பையும் ரத்து செய்தால்தான் அந்த 2,000 டெபாசிட் திரும்பும். முந்தைய பத்து நிதியாண்டில் ஒன்பதில் நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இல்லாதிருந்தால், திரும்பிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலை கிடைக்கும். அதுவரை துபாய் வங்கியில் கிடக்கும் பணத்தின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்.ஆர்.இ. கணக்கு மட்டும் காத்திருக்காது. நிரந்தரமாக வந்துவிட்டீர்கள் என்றால் வங்கியில் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும்.